பெண்கள் பக்கத்துச் சுவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். பந்தல்குடியில் பலசரக்குக் கடை, பகலெல்லாம் தராசைப் பிடித்து நிற்கிறவனுக்கு இந்த வெட்டிக்கதையெல்லாம் எங்கே ஏறும்? நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் நாங்கள் போகும் தியேட்டர் ஒருகாலத்தில் பஞ்சுக் கிட்டங்கி. மூட்டை அடுக்கக் கட்டியது என்பதால் சுண்ணாம்புச் சுவரெல்லாம் அத்தனை தடிமன், ஜன்னல்கள் கூரையை ஒட்டி, மேட்னி ஷோவுக்கே உள்ளே கும்மிருட்டு. தரை மணல். ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றைப் பிறகு எழுப்பியிருந்தார்கள். குடும்பத்தோடு வருகிற ஆண்கள் அதை ஒட்டித்தான் இடம் பிடிப்போம். பாதிப் படத்தில் அந்தப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கி நீட்டுவார்கள், நாம் வாங்கி மடியில் போட்டுக்கொண்டால் மீதிப் படத்தை அவர்கள் நிம்மதியாகப் பார்ப்பார்கள். எங்கள் பையனையும் அப்படி நாலைந்து தடவை வாங்கியிருக்கிறேன்.

பல் முளைக்கும் முன்பே அவன் காய்ச்சலில் போய்விட்டான். அதோடு என் மனைவி பாக்கியத்துக்குப் பேச்சு நின்றுபோனது, சாப்பாடும் இறங்கவில்லை. "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க கொழுந்தனாரே, இப்படியே விட்டா இவளும் நமக்கு இல்லாமப் போயிருவா" என்று மதினி அழுதார். மூவருமாக மேட்னிக்குப் போனோம்.

பழக்கதோஷம், சுவரோரமாகவே உட்கார்ந்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேலே வளையல் சத்தம், இரண்டு கைகள் பிள்ளையை நீட்டின, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். தூங்குகிற பிள்ளையின் கனம், வயிற்றில் படுகிற மூச்சு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை. அங்கே ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். போட்டுவிடாதே, போட்டுவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

விளக்கு வந்தது. மடியில் ஒன்றுமில்லை. வேட்டி மட்டும் நனைந்து, இளஞ்சூடாக இருந்தது.

எழுந்து அந்தப் பக்கம் பார்த்தேன். பாக்கியம் சுவருக்கு ரொம்பத் தள்ளி, தூணோரம் மதினி தோளில் சாய்ந்திருந்தாள். "வந்ததுல இருந்து என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கா, அசையவே இல்ல" என்றார் மதினி.

படம் விட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பாக்கியம் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நடுவுல முழிச்சானா?"

மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"இல்ல. நல்லாத் தூங்குனான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரன் பேத்தியும் எடுத்துவிட்டோம். அந்த மதியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீதான் நீட்டினாயா என்று கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஆமாம் என்றாலும் என்னால் தாங்க முடியாது, இல்லை என்றாலும் தாங்க முடியாது. இன்றுவரை கேட்கவில்லை.