பதினொன்றாம் கட்டிலின் மூன்றாவது இரவு

ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் பன்னிரண்டு. அது கட்டில் இலக்கம். "பன்னிரண்டு, குளிசை போட்டாச்சோ?" என்று தாதி மிஸ்ஸி மாத்திரைத் தட்டோடு வந்து கேட்டால் நான் ஓம் என்று சொல்ல வேண்டும். எனக்கு இடப்பக்கம் கிடந்தவர் பதினொன்று. கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குச் சொந்த இலக்கம் கிடையாது. யாருடைய கட்டிலை ஒட்டிக் கிடக்கிறார்களோ, அந்த இலக்கத்துக்குக் கீழ் என்று சொல்வார்கள். எனக்கும் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் எப்படிப் படுத்தார் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் பதினொன்றைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். கப்பலில் இருந்து எத்தனை இறங்கியது, லொறியில் எத்தனை ஏறியது என்று பார்ப்பது வேலை. உத்தியோகம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் கிடந்த வாட்டில் இருபத்து நான்கு கட்டில்கள், முப்பத்தொரு நோயாளிகள். மின்விசிறி எட்டு, சுற்றியவை ஐந்து. எனக்கு நேர் மேலே இருந்தது சுற்றாத மூன்றில் ஒன்று. இதைச் சொன்னபோது மனைவி, "உங்களுக்கு நெஞ்சிலை ஒண்டுமில்லை. எண்ணி எண்ணித்தான் இறுகுது" என்றாள்.

நெஞ்சு இறுகித்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊசி போட்டதும் அன்றைக்கே தணிந்துவிட்டது. ஆனால் இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும், எக்கோ எடுக்க வேண்டும் என்றார்கள். மனைவியின் தம்பி வந்து கட்டில் விளிம்பில் குந்தி, குரலைத் தணித்து, "அத்தான், எழும்பி வீட்டை போயிடாதைங்கோ. போனால் கிளினிக்கிலை மாசக்கணக்கிலை தள்ளித் திகதி தருவினம். வாட்டிலை கிடந்தால் ரெண்டு மூண்டு நாளிலை எடுத்துப் போடுவினம்" என்றான். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. கிடந்தேன்.

பதினொன்றுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டினத்துக் கடைகளில் மூட்டை சுமக்கிற நாட்டாமை வேலை செய்பவன். டெங்கு என்று சந்தேகப்பட்டுக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். டெங்கு இல்லை. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து, வாட்டு முழுக்க நடந்து திரிந்தான். புதிதாக யார் வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி, என்ன வருத்தம் என்பதல்ல. "உங்களுக்கு எத்தனை இரவு?" என்றுதான் கேட்பான்.

அது எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒரு காப்புறுதி வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவுக் கணக்குக்குக் காசு தரும். ஆனால் மூன்று இரவு முழுதாகக் கிடந்திருக்க வேண்டும். இரண்டு என்றால் ஒன்றுமில்லை.

"இண்டைக்கு ரா எனக்கு மூண்டாவது, ஐயா. நாளைக்குக் காலமை துண்டு வெட்டினால் கணக்குச் சரி."

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விடுவதை எங்கள் பக்கத்தில் துண்டு வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். காய்ச்சல் இல்லாத ஒருவன் இரவுக் கணக்கு நிரம்பவென்று கிடக்கிறான் என்று கேட்டதும் எனக்குள் பழைய கிளாக்கர் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

"இது களவு, தம்பி" என்றேன்.

"களவெண்டால் ஒளிச்செல்லோ செய்ய வேணும். நான் வாட்டுக்கே சொல்லிப்போட்டன்."

அவனுக்குச் சிந்தல் கதையைச் சொன்னேன். துறைமுகத்தில் சீனியும் மாவும் சாக்கில் இறங்கிய காலத்தில், கிழிந்த சாக்கில் இருந்து தரையில் கொட்டுவதைச் சிந்தல் என்போம். அது மூட்டை தூக்குகிறவர்களுக்கு என்று விட்டிருந்தார்கள். மண்ணோடு கூட்டி அள்ளுகிறதுதானே, ஏழைகள் கொண்டு போகட்டும் என்ற நல்லெண்ணம். அப்படி விட்ட பிறகு சாக்குகள் கூடக் கிழியத் தொடங்கின. தூக்குகிற கொக்கியை ஒரு விரற்கடை தள்ளிப் போட்டால் போதும். கிழிந்த சாக்குகளை நான்தான் எண்ணுவேன். தீபாவளி, பெருநாள் நெருங்கினால் எண்ணிக்கை ஏறும். கொக்கிக்கும் பெருநாள் தெரியும் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

"நல்லதுக்கு எண்டு குடுக்கிறதை இப்படிக் கிழிச்சால், நாளைக்கு உண்மையான வருத்தக்காரனுக்கு ஒண்டும் இருக்காது" என்று முடித்தேன்.

அவன் சிரித்தான். "எங்கட அப்பாவும் அங்க கொக்கி பிடிச்சவர்தான் ஐயா. அவரும் சிந்தல் கதை சொல்லுவார். ஆனா அவர் இன்னொண்டும் சொல்லுவார். முழுச் சாக்காப் போனதும் இருக்காம். அதை ஏன் கிழிப்பான் எண்டு கேப்பார்."

முழுச் சாக்காகப் போனது உண்மைதான். அதற்குக் கொக்கி தேவைப்படவில்லை, ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. அதைச் சிந்தல் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் எனக்குக் கீழ் ஆள் வந்தார். குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்த முதியவர், என் வயதுதான், இரண்டொன்று கூட இருக்கலாம். களப்பில் இறால் பிடித்த மனிதர் என்று மகன் சொன்னார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு, ஏணியில் ஏறுகிறவர் மூச்சுப் போல இருந்தது. அவரால் படுக்க முடியாது. தலை சரிந்தால் மூச்சு முட்டும். எங்கள் கட்டில்களில் தலைப்பக்கத்தைத் தூக்கி நிறுத்தலாம், பாயில் அது நடக்காது. அவர் என் கட்டில் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அந்த இரும்புக் கால் மூன்று விரல் அகலம். முதுகு நிற்காமல் வழுக்கும். ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் என் கட்டில் ஆடியது.

மகன் மிஸ்ஸியிடம் போனார். "மிஸ்ஸி, வாப்பாக்கு ஒரு கட்டில் தாங்கோ. அவருக்குப் படுக்கேலா."

"கட்டில் இருந்தால் தராமல் வைச்சிருப்பனோ? பின்னேரம் டொக்டர் வருவா. யாருக்காவது துண்டு வெட்டினால் முதலாவது உங்களுக்கு."

நான் கையை நீட்டிப் பதினொன்றைக் காட்டினேன். மகன் அவனிடம் போய் மெதுவாகக் கேட்டார். அவனுடைய முகம் சுருங்கிப் போனது. அதுவரை நான் பார்த்த முகம் அல்ல அது.

"அண்ணை, நான் எழும்பினால் என்ர கணக்கு ரெண்டிலை நிண்டிடும். வேலைக்குப் போகாமல் எத்தினை நாளாச்சு. இனி ஒரு கிழமைக்கு என்னாலை மூட்டை தூக்கவும் ஏலாது, கை நடுங்குது. வீட்டிலை நாலு பேர். இந்தக் காசை நம்பி அரிசி வாங்கிப்போட்டம்."

கீழே இருந்து முதியவர் மகனைக் கூப்பிட்டார். மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாகப் பேசினார். "விடு மகன். அவர்ர ராவ நாம எடுக்கப்படா."

அவர் பணிவுக்காகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனின் வலையையோ வள்ளத்தையோ எடுக்கக்கூடாது என்பது போலத்தான் சொன்னார்.

அதன்பிறகு பதினொன்று செய்ததை நான் கட்டிலில் இருந்தபடியே பார்த்தேன். மாற்றுச் சாரத்தைக் கட்டிலில் விரித்து, தலையணையில் துவாயைப் போட்டு, ஆள் இருக்கிறது என்பதுபோல் அடையாளம் வைத்துவிட்டுத் தரையில் இறங்கினான். முதியவரைக் கொஞ்சம் நகர்த்தி, அவருக்குப் பின்னால், முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தான். இரண்டு காலையும் எதிர்க் கட்டிலில் உதைந்துகொண்டான்.

"சாயுங்கோ வாப்பா. நல்லாச் சாயுங்கோ. நான் சீமெந்து மூட்டைக்கே முண்டு குடுத்தனான்."

முதியவர் சாய்ந்தார். கட்டில் ஆடுவது நின்றது. பார்வையாளர் நேரம் வரும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பதினொன்றாம் கட்டில், ஒரு சாரத்தையும் ஒரு துவாயையும் சுமந்துகொண்டு வெறுமனே கிடந்தது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்து நான்கு கட்டிலில் ஒன்று வெறுமை. ஏழு பேர் தரையில். எந்தக் கணக்குப் புத்தகம் இதை ஒப்புக்கொள்ளும்?

மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு வந்ததும் முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், கீழே கேட்கட்டும் என்று.

பதினொன்று திரும்பாமலே கேட்டான். "ஐயா, நீங்கள் எதுக்குக் கிடக்கிறியள்?"

"எனக்கு எக்கோ எடுக்க வேணும்."

"அதை வீட்டிலை இருந்து வந்து எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம். திகதி தள்ளிப் போகும்."

"வெளியிலை காசு குடுத்தால் நாளைக்கே எடுப்பினமே."

"அவ்வளவு காசுக்கு நான் எங்கை போறது?"

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் காசுக்குத்தான் கிடக்கிறம், ஐயா. என்ர காசு வாறது. உங்கட காசு போகாமல் இருக்கிறது."

என் மனைவி சிரித்துவிட்டாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். முதியவரும் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகப் போய், மகன் ஓடிவந்து நெஞ்சைத் தடவ வேண்டியதாயிற்று.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தும் மனைவி போகவில்லை, போத்தல் காலியாகட்டும் என்று நின்றாள். அந்த நேரத்தில் டொக்டர் வந்தா. என் இளைய மகளின் வயது இருக்கும், மட்டக்களப்புப் பேச்சு. தரையில் குந்தி முதியவரின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டா. நிமிர்ந்து வாட்டை ஒருமுறை பார்த்தா.

"பிள்ளை, பதினொண்டுக்கு நேற்றே காய்ச்சல் விட்டிட்டுது" என்றேன். சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று மத்தியானத்தில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தது.

"தெரியும் ஐயா."

"அவர் காப்புறுதிக் காசுக்குக் கிடக்கிறார்."

"அதுவும் தெரியும். 'இன்னும் ஒரு நாள் பார்க்கவும்' எண்டு எழுதினது நான்தான்." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "அவர நான் இண்டைக்கு அனுப்பினா, நாளைக்கே மூட்டை தூக்கப் போவார். ரெண்டு நாளில திரும்பி வருவார். பிழை எண்டு எனக்கும் தெரியும். கீழ இருக்கிற இந்த ஐயாவுக்குக் கட்டில் வேணும் எண்டும் தெரியும். இப்ப யாருக்கு நான் வெட்ட?"

என்னைத்தான் கேட்டா. கேட்டதில் குத்தல் இல்லை. நாள் முழுக்க எண்ணிக்கொண்டு இருக்கிற மனிதரிடம் ஒரு கணக்கைக் கேட்பதுபோல் கேட்டா. பதினொன்று எழும்பவில்லை, எழும்பினால் பின்னால் உள்ளவர் விழுந்துவிடுவார். தலையை மட்டும் தூக்கி டொக்டரைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய உதடு காய்ந்திருந்தது. என் நெஞ்சு இறுகுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். இறுகவில்லை. இறுகியிருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன்.

பக்கத்தில் கண்ணாடிக் குவளை கிணுகிணுக்கிற சத்தம் கேட்டது. மனைவி போத்தலை மூடி, குவளையைக் கவிழ்த்து, என் பிஜாமாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"சாமான் அடுக்கிறன்." டொக்டரைப் பார்த்தாள். "பிள்ளை, இவருக்கு வெட்டுங்கோ. இவர் வீட்டிலையும் எண்ணலாம்."

"எனக்கு எக்கோ?"

"திகதி தருவன் ஐயா" என்றா டொக்டர். "தள்ளித்தான் கிடைக்கும். அதுக்கிடையில நெஞ்சு இறுகினா நேரே வாங்க, நிண்டு யோசிக்க வேணாம்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னைக் கேளாமல் என் துண்டை வெட்டிவிட்டார்கள். சட்டையை எடுத்து மாட்டினேன். பதினொன்றும் மகனும் முதியவரைத் தூக்கி என் கட்டிலில் வைத்தார்கள். மகன் தலைப்பக்கத்தை உயர்த்தினார். முதியவர் மெல்லச் சாய்ந்து, நம்பாதவர் போல இரண்டு பக்கமும் கையால் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். மூச்சு இன்னும் ஏணியில்தான் இருந்தது, ஆனால் படிகளுக்கு இடையில் நின்று ஆறத் தொடங்கியிருந்தது.

"இனி வாப்பாதான் பன்னிரண்டு" என்றான் பதினொன்று. அவன் தன் கட்டிலில் ஏறவில்லை. வாசலில் ஒரு பையன் காலில் கட்டோடு பாயில் கிடந்தான். அவனைக் கூப்பிட்டு, "காலமை வரைக்கும் ஒரு பக்கத்திலை நீ படு, ஒரு பக்கத்திலை நான்" என்றான். எனக்குக் கையைக் காட்டினான். "ஐயா, சாக்குக் கிழியேல்லை. பாத்தீங்கள்தானே?"

நான் மனைவிக்குப் பின்னால் வாசலுக்கு நடந்தேன்.

இதை எழுதும்போதும் எனக்கு மனம் தெளியவில்லை. அவன் செய்தது சரி என்று என்னால் எழுத ஏலாது. நலமானவனைக் கட்டிலில் கிடத்தினால்தான் காசு என்று விதி எழுதினால், கட்டில்கள் நலமானவர்களால் நிறையும். கொக்கி தள்ளித்தான் விழும். கொக்கி பிடித்தவனைத் திட்டுவது சுலபம், நானும் அதைத்தான் செய்தேன். படுக்காமல் வீட்டில் ஆறினாலும் அரிசிக்கு வழி உண்டு என்று விதி எழுதியிருந்தால், அந்த முதியவர் மத்தியானமே சாய்ந்து மூச்சு விட்டிருப்பார். அதே நேரம், இரவுக் காசு என்று ஒன்று இல்லாமலே, ஒரு விதியிலும் எழுதப்படாமலே, நானும் ஒரு கட்டிலில் கிடந்தேன். எனக்கு அது காப்புறுதியாகத் தெரியவில்லை. மச்சானின் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

எக்கோவுக்கான திகதித் துண்டு அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நேற்றும் பார்த்துக்கொண்டு நின்றபோது, குசினியில் இருந்து மனைவி கேட்டாள்:

"குறிஞ்சாக்கேணி மனிசன் இப்ப படுத்து நித்திரை கொள்ளுவாரோ?"

"நான் என்னெண்டு சொல்லுறது" என்றேன்.

அன்று வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் வாயைத் திறந்தபடி, தலைக்கு மேலே சுற்றாத அந்த மின்விசிறிக்குக் கீழே, நித்திரையாகியிருந்தார். மகன் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு நின்றார்.