மனுவில் எழுதிய முகவரி

பட்டாபிராமில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிறு காலைகளில் உள்ளூர் நிருபர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கவுன்சிலர் தரப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படத்தையும் செய்தியையும் அப்படியே பத்திரிகைக்குத் தள்ளிவிட்டுப் பழகியவர்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரில் போய்ப் பாருங்கள், காகிதத்தைக் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்று கத்துவேன். சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் போட்டே எழுதச் சொன்னேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று வீறாப்பு வேறு.

அண்ணனூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி வாரப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிறாள். அவள் தெருவில் மழைநீர்க் கால்வாய் கட்டி முடித்ததாகப் பலகை நிற்கிறது, கால்வாயைத்தான் காணோம். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலைக் கேட்டு மாநகராட்சிக்கு மனு அனுப்பினாள்.

பதில் வருவதற்குள் ஆள் வந்துவிட்டது. குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்த நேரத்தில், கால்வாய் காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஒருவன் கையில் அவள் மனுவின் ஜெராக்ஸ்.

"இன்னா தங்கச்சி, புள்ளைய எந்த ஸ்கூல்ல சேத்துகீற?" அவ்வளவுதான் கேட்டார்களாம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அவள் இதைச் சொன்னாள். தப்பு என்னுடையது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தும் மனுப் போடலாம். அதைச் சொல்லித் தராமல் வீரம் பேசியிருந்தேன். "மனுவை வாபஸ் வாங்கிடும்மா, புள்ள முக்கியம்" என்றேன். ஊருக்குத்தானே உபதேசம்.

அவள் என்னை முறைத்தாள். "இன்னா சார், நீங்களும் எங்க ஊட்டுக்காரு மாதிரியே பேசுறீங்க? எனுக்கும் பயமாத்தான் கீது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். புள்ளைய இனிமே அவருதான் கொண்டுபோய் உடுறாரு. நான் உட்டுட்டா, அவனுங்க இன்னும் எத்தினி ஊட்டு வாசல்ல போய் நிப்பானுங்க?"

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதினாள். "எனது முதல் மனு எந்தெந்த அலுவலரின் மேசைக்குப் போனது, அதன் நகல் யாரிடம் கொடுக்கப்பட்டது, கொடுத்தவரின் பெயரும் பதவியும் என்ன?" இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"இந்தத் தடவையாவது தபால் பெட்டி எண் போட்டுக்கம்மா" என்றேன்.

"வேணாம் சார்," என்று அவள் வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதத் தொடங்கினாள். "அவனுங்களுக்குத்தான் வழி தெரியுமே. பதில எடுத்துகினு அங்கேயே வரட்டும்."