சோடா போடாத பருப்பு

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் முடிவாகவில்லை. மெட்ராஸோடு சேர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் மகஜரில் கைநாட்டு வாங்கினார். ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று பக்கத்து நிலத்துத் தெலுங்குக்காரர் இன்னொரு மகஜரோடு அலைந்தார். அதற்கு முன் இரண்டு வீட்டுக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது.

எங்கள் வீட்டுக் கிணற்றில் ஊறுவது சுண்ணாம்புத் தண்ணீர். சோப்புப் போட்டால் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி துணியில் ஒட்டிக்கொள்ளும். துவரம்பருப்பைக் காலையில் ஏற்றினால் மத்தியானமும் முழுசாக உருண்டுகொண்டிருக்கும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தெலுங்குக்காரர் நிலத்துக் கிணற்றில்தான் மொண்டு வருவோம். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் சாவடியில் பத்துப் பேர் நடுவில் அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தாகேதி மா நீள்ளு, கையெழுத்து மட்டும் அரவத்துக்கா?" என்று கேட்டுவிட்டார். குடிப்பது எங்கள் தண்ணீர், கையெழுத்து தமிழுக்கா என்று அர்த்தம். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே அந்தக் கெணத்துப் பக்கம் யாரும் போவக் கூடாது. நம்ம கெணறு இன்னா வத்திப் போச்சா?"

அப்போது மாமனார் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அங்கே சேர்த்திருந்தோம். உப்பு ஒரு கல்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உப்பில்லாத சோறு அவருக்கு இறங்கவில்லை. பருப்பைக் குழைய வேகவைத்துப் பிசைந்து கொடுத்தால் நாலு வாய் வாங்குவார். அதையும் இப்போது எந்தத் தண்ணீரில் வேகவைப்பது?

முதல் நாள் கொடுத்த பருப்பை வாயில் வைத்து, கையில் துப்பிக் காட்டினார்.

"இத எப்பிடிம்மா துன்றது?"

மறுநாள் ஆட்டுக்கல்லில் அரைத்துக் கொடுத்தேன். வயிற்று வலியில் புரண்டார். மூன்றாம் நாள் தண்ணீர் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லா எரிய வுடு, வேவும்" என்று சொல்லிவிட்டு மகஜர் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுப்பு மேல் பலகையில் ஆப்ப சோடா டப்பா இருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் எந்தத் தண்ணீரிலும் பருப்பு பூவாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டாக்டர் உப்பைத்தானே சொன்னார், சோடாவைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் போடும்போது வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது எனக்கே தெரிந்தது.

மூன்று நாள் போட்டேன். ஒரு சிட்டிகை இரண்டானது. மாமனார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். நாலாம் நாள் காலையில் அவர் காலைத் தொட்டேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. உட்கார்ந்தபடியே மூச்சுக்கு ஏங்கினார்.

வண்டி கட்டி ரோட்டுக்கு வந்து, சித்தூர் பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் அவர் தலை என் தோளில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் என் வீட்டுக்காரர் "நைனா, வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று நினைத்து நினைத்து, சொல்லாமலே விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்த பிறகு ஒரு நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதான தமிழ்க் கிறிஸ்தவர்.

"உப்பு போட்டியா?"

"இல்லீங்க."

"ஊறுகா, கருவாடு?"

"இல்லீங்க."

"சோடா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் அதட்டவில்லை. பெருமூச்சு விட்டார்.

"அதுவும் உப்புக்குச் சொந்தந்தாம்மா. ஒடம்பு தண்ணிய அதே மாதிரி புடிச்சி வச்சிக்கும். பருப்பு வேவலேன்னா போட்டே?"

தலையாட்டினேன். என்னை உள்ளே கூட்டிப்போய், கத்தி கத்திரிக்கோல் கொதிக்கவைக்கிற ஏனத்தைக் காட்டினார். உள்சுவரெல்லாம் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது.

"இதான் ஒன் பருப்ப வேக வுடாதது. தண்ணிய மொதல்ல தனியா வச்சி நல்லா கொதிக்க வுடு. கால் மணி நேரம். எறக்கி ஆற வச்சா சுண்ணாம்பெல்லாம் அடியில குந்திக்கும். கலக்காம மேல்தண்ணிய மட்டும் துணியில வடிகட்டி, அதுல பருப்பு போடு. உப்பும் வேணாம், சோடாவும் வேணாம்."

பத்து நாள் கழித்து வீக்கம் வடிந்து மாமனார் வீட்டுக்கு வந்தார். நர்ஸம்மா சொன்னபடி செய்தேன். இரண்டு தரம் அடுப்பெரிக்க வேண்டியிருந்ததால் விறகு தீரத் தீரப் பொறுக்கப் போனேன். முதல் நாள் பருப்பு உடையும்வரை அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒன்றிரண்டு பருப்பு முழுசாக நின்றது. மற்றது மசிந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது.

"தண்ணி எங்க மொண்டுக்கினு வந்த?"

"நம்ம கெணத்துலதான்."

"நம்ம கெணத்துத் தண்ணியில இப்பிடி வேவுமா? அவங்க வூட்டுக்குப் போனியா இல்லியா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் கொதிக்கவைத்த பானையைக் கொண்டுவந்து அவர் முன்னால் சாய்த்துக் காட்டினேன். அடியில் வெள்ளை வண்டல். விரலால் வழித்துப் பார்த்தார்.

"இது யார் சொன்னது ஒனக்கு?"

நர்ஸம்மா என்று சொன்னால் ஏன் சொன்னார் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் என்னால் இனி மறைக்க முடியாது. நின்றபடியே சொன்னேன். மூன்று நாள் சோடா போட்டதையும், பஸ்ஸில் சொல்லாமல் வந்ததையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"அந்த மூணு நாளுதான்டா நான் நல்லா துன்னேன். அவள ஒண்ணும் சொல்லாத. கெணத்துக்குப் போவாதன்னது நீ."

என் வீட்டுக்காரர் திரும்ப உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் கொல்லையில் கோடாலிச் சத்தம் கேட்டு எழுந்தேன். விறகு பிளந்துகொண்டிருந்தார். அதன் பிறகு தினமும் பிளந்து வைத்தார். கிணற்றைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விறகெல்லாம் நனைந்து புகைந்தது. அவர் மகஜர் விஷயமாகத் திருப்பதிக்குப் போயிருந்த அன்று, நான் குடத்தை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் அந்த நிலத்துக்குப் போனேன். கிணற்று மேட்டில் அந்தத் தெலுங்குக்காரரே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தபடி மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மழையில வழுக்குது. நீ சேந்தி ஊத்து."

அக்கா வந்து இறைத்து ஊற்றினாள். மாமனாரின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

ராத்திரிக்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். தட்டு வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கி அவங்க கெணத்துல மொண்டுக்கினு வந்தேன்."

நனைந்த துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. மாமா ஒடம்பக் கேட்டாங்க."

"ம்" என்றார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மாமனார் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. தண்ணீருக்கு மட்டும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.