பீச்சாங்கை மடிப்பு

அண்ணன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் சண்டை நடந்தபோது மலைமேல் பனி சரிந்து போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய இரும்புப் பெட்டி மட்டும் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் பழக்கம் இல்லை. இறந்தவர்களுக்காக ஓதும் பராத் ராத்திரி வந்தால், என்னைப் பெத்த அத்தாவின் கபருக்கு நான்தான் பூ வாங்கிக்கொண்டு கிளம்புவேன். அம்மா வாசல்வரை வந்து வருஷா வருஷம் ஒன்றையே கேட்பாள்.

"அவனுக்கு எங்கடா போடுவே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது. பனியோடு போய்ச் சண்டை போட முடியுமா?

ஆவடி ஏரிக்கரையில், போரில் இறந்தவர்களுக்காகப் பீங்கான் பூக்கள் நடப்போவதாகப் போன வருஷம் தகவல் வந்தது. அந்த வேலையை எடுத்துச் செய்த சிற்பி ஒரு சின்ன வயதுப் பெண். இறந்தவர்களின் வீட்டார், அக்கம்பக்கத்தார், யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் கையால் பூ செய்யலாம் என்றாள். இடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் கம்பத்துக்குப் பீங்கான் சுடும் பழைய கம்பெனி. நாலு பூவை நட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று முணுமுணுத்தபடிதான் அம்மாவைக் கூட்டிப்போனேன்.

ஐந்து இதழ் வெட்டி, ஓரத்தைக் கிள்ளி மடித்து, நடுவில் ஒட்ட வேண்டும். அம்மாவுக்கு அதெல்லாம் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு சோமாஸ் மடித்துத் தருவது அவள்தான். என்ன, அம்மாவுக்கு எல்லாமே பீச்சாங்கை. அவள் மடித்தால் மடிப்பு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். சோமாஸில் அது யார் கண்ணிலும் படாது. எண்ணெயில் பொரிந்ததும் வாய்க்குள் போய்விடும்.

பூவை முடித்துவிட்டு அம்மா கேட்டாள். "இதுல எம்புள்ள பேர எங்கமா எழுதறது?"

"பேர் எதுவும் இல்லம்மா" என்றாள் சிற்பி. "எல்லாத்தையும் கலந்துதான் நடுவோம். எல்லாப் பூவும் எல்லாருக்கும்."

"அப்போ என்னுது எதுன்னு நான் எப்டி கண்டுபுடிக்கிறது?"

நான் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் பூப் போட ஓர் இடம் கேட்டுக்கொண்டிருப்பவளை வரவழைத்துவிட்டு, உன் இடம் எது என்று சொல்லமாட்டோம் என்றால் என்ன நியாயம்? அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா கெடடா. எங்கையி எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே கவலைதான். சூளையில் பூ வெடித்திருந்தால்? சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள், டிவி பார்த்துக்கொண்டே கேட்பாள். சில பூக்கள் வெடிக்கும் என்று சிற்பி என்னிடம் சொல்லியிருந்தாள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

நட்டு முடித்த முதல் ஞாயிறு காலையில் ஆவடிக்கு பஸ் ஏறினோம். ஏரிக்கரைத் திருப்பத்தில் திரும்பினோம். கரையின் சரிவு முழுக்க, கண் எட்டும்வரை, சிவப்பு. முழங்கால் உயரக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான பூக்கள் வெயிலில் ஈரம்போல மினுமினுத்தன. காற்று வந்தபோது கம்பிகள் ஆடி, பூவோடு பூ பட்டு, கரை நெடுக மெல்லிய கிணுகிணுப்பு ஓடியது. இத்தனை பேரா என்று நினைத்தேன். இதைப் போய்க் கிண்டல் செய்தோமே என்றுகூட அப்போது தோன்றவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும் போர்டு வைக்கவில்லை, ஆனாலும் பாதை தொடங்கும் இடத்தில் செருப்புகள் குவிந்துகிடந்தன. நாங்களும் கழற்றினோம்.

அம்மா மட்டும் சரிவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பூவின் ஓரத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். கூன் விழுந்த முதுகு இன்னும் வளைந்தது. வெயில் ஏறியது. போதும்மா என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதி தூரம் போனதும் சட்டென்று நின்றாள்.

எதிர்ப்பக்கமாக ஓடும் மடிப்பு. எனக்கே தெரிந்தது. வெடிக்காமல், கோணாமல், அம்மாவின் பூ.

அதன் எதிரில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூவை உள்ளங்கையில் ஏந்தி, "சாப்டியா நைனா?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"திருநின்றவூர்லேர்ந்து வர்றம்மா. எம்பையன் பட்டாளத்துல பூட்டான். கை நடுக்கம், என்னால பூ செய்ய முடில. எங்க கீறானோன்னு தேடிகினே வந்தேன். பாரும்மா, எல்லாம் அந்தாண்ட திரும்பிகினு கீது. இது ஒண்ணுதான் என்னப் பாத்து திரும்பிகீது. எம்புள்ளதான் இது."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் பீச்சாங்கை என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது.

"ஆமாம்மா" என்றாள். "உம்புள்ளதான். நல்லா பாத்துக்கோ."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா இரண்டடி தள்ளிப் போனாள். அங்கே யாரோ அவசரத்தில் செய்த ஒரு பூ, ஓர் இதழ் தொங்கிப்போய் நின்றது. அதன் எதிரில் யாரும் இல்லை. அம்மா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொங்கிய இதழின்மேல் கையை வைத்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, எந்தச் சாமிய கும்பிட்டியோ" என்று அந்தப் பூவிடம் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சதத்தான் ஓதப் போறேன். கோச்சிக்காத நைனா."