துளை அட்டையும் மூன்று வகுப்பும்

ஆங்கிலம் கற்க வருகிறவர்களை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் வேலைக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். நடந்ததை எங்காவது முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் தாளைத் திருத்தியவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

மாமல்லபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் பயிற்சி மையம். வருகிறவர் முப்பது கேள்விகளுக்குக் கட்டத்தில் டிக் போடுவார். சரியான விடை வரும் இடங்களில் துளை போட்ட அட்டை ஒன்று உண்டு; அதைத் தாளின் மேல் வைத்து, துளைக்குள் தெரியும் டிக்குகளை எண்ணுவேன். பத்துக்குக் கீழே முதல் வகுப்பு, இருபது வரை நடு வகுப்பு, அதற்கு மேல் போனால் மேல் வகுப்பு.

இருபத்தெட்டு வாங்கியவர்

கல்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் வெளிநாட்டுக்காரராம், அவரோடு பேச வேண்டுமாம். இருபத்தெட்டு எடுத்தார். மேல் வகுப்பில் போட்டேன். முதல் நாளே டீச்சர் அவருடைய பெயரை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவர் எழுந்து, வகுப்பை விட்டு வெளியேறி, நேராக என்னிடம் வந்தார்.

"முப்பது வருஷம் மெஷினோட இருந்துட்டேம்மா, அது திருப்பிப் பேசாது. என்னைக் கீழ எறக்கி வுட்டுடு."

டிக் போடாதவர்

கடற்கரைக் கோயில் வழியில் கல் பொம்மை விற்கும் செல்வி தாளை வெறுமையாகவே நீட்டினாள். எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் வந்த போனில் யாரோ வெளிநாட்டுக்காரரோடு ஆங்கிலத்தில் பொளந்து கட்டினாள். அட்டைக்கு அது கேட்குமா? பூஜ்யம், முதல் வகுப்பு என்றேன்.

"இன்னாக்கா நீ, வெள்ளக்காரன் என்னாண்ட வெல கேக்கசொல்ல டிக்கா போடச் சொல்றான்?"

ஆறு, ஐந்து, ஏழு

கோவளத்து நஸீமாவுக்கு ஓட்டல் வரவேற்பறை வேலைக்கு ஒரு மாதத்தில் நேர்முகம். அதற்குள் நடு வகுப்பை முடித்தாக வேண்டும். அவளுக்கு ஆறுதான் வந்தது. முதல் வகுப்பு என்றதும் தலையாட்டிவிட்டுப் போய், பன்னிரண்டு நாள் ஏ, பி, சி எழுதினாள்.

அதன் பிறகு வந்தவர்களுக்கும் ஐந்து, ஏழு என்றே வந்தது. நாவலூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர், மேல் வகுப்பு கேட்டு வந்தவர், அவருக்கும் ஆறு. அவர் சண்டை போடவில்லை. தாளின் மேல் இருந்த அட்டையை எட்டிப் பார்த்தார். பழைய அட்டையில் ஒரு மூலை வெட்டியிருக்கும், அதை வைத்துத்தான் எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் வந்த புது லேமினேஷன் அட்டைக்கு நாலு மூலையும் ஒன்றுபோல.

"ஆன்ட்டி, அட்ட தலைகீழா கீது."

நஸீமாவின் பதினேழு

நஸீமாவின் தாளைத் தேடி எடுத்து, அட்டையைத் திருப்பி வைத்தேன். பதினேழு. தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் நேர்முகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. என் வேலை போனாலும் போகட்டும் என்று, மையத்தை நடத்தும் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த அட்டையால் திருத்திய தாளையெல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே நஸீமாவை நடு வகுப்புக்கு மாற்றினார். அவளிடம் சொல்லும் வேலையை எனக்கு வைத்தார். சொன்னேன்.

"நான் மக்குன்னு வூட்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன் ஆன்ட்டி."

நேர்முகம்

அந்தப் பதினெட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடு வகுப்பில் பாதி போல முடித்துவிட்டுத்தான் அவள் நேர்முகத்துக்குப் போனாள். மறுநாள் லட்டு டப்பாவோடு படியேறி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. என்ன கேட்டார்கள் என்றேன்.

"இங்கிலீஷ்ல ஒன்னுமே கேக்கல ஆன்ட்டி, ஞாயித்துக்கெழம லீவு கேக்க மாட்டியேன்னு தமிழ்ல கேட்டாங்க, வேல குடுத்துட்டாங்க."

அட்டையின் மேல்பக்கத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்தும் மனசு ஆறாமல், இப்போது ஒவ்வொரு தாளையும் நேராக ஒரு தரம், தலைகீழாக ஒரு தரம் எண்ணி, எது கூடுதலாக வருகிறதோ அதையே போட்டு விடுகிறேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.