போகச் சொன்னதும் போனவள்

எங்கள் நடன வாத்தியாரம்மா கத்ஸுராவுக்குத் திட்டுவதற்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். "போ!" விசிறியால் தரையைத் தட்டி அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஆனால் போய்விடக் கூடாது. கூடத்து ஓரத்தில் மண்டியிட்டு, நெற்றி பாயில் பட, அவர் மனம் இரங்கும்வரை கிடக்க வேண்டும். கியோத்தோக்காரிக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தாளியைக் கிளப்ப நினைத்தால், "ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிடுறீங்களா?" என்று உபசரிக்கிற ஊர் இது. இங்கே "போ" என்றால் வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

நான் பதினெட்டு தடவை அப்படிக் கிடந்தவள். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஷினோ தாங்கோ மலைப்பக்கத்துத் தறிக்கார வீட்டுப் பெண். எங்கள் கெய்ஷா இல்லத்துக்கு வந்து இரண்டு வருடம் தரை துடைத்தாள், அக்காமாரின் காலணிகளை அடுக்கினாள், ஆடப் பழகினாள். பாத்திரம் கழுவும்போதுகூட அவள் கால் சும்மா இருக்காது. வாத்தியாரம்மா தலையசைத்தால் ஏப்ரலில் மைக்கோவாக, அதாவது இளம் கெய்ஷாவாக, அரங்கேறலாம்; இல்லையென்றால் ஊருக்குப் போய்த் தறியில் உட்கார வேண்டியதுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை அவளுக்கும் விசிறி தட்டியது. "போ!"

ஷினோ அழகாக வணங்கினாள். "சரிங்க, போயிட்டு வரேன்" என்றாள். போயே போய்விட்டாள்!

வாத்தியாரம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நாற்பது வருடத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்ட முதல் மாணவி இவள்தான்.

இல்லத்தை நடத்துகிறவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

"அடிப்பாவி! போன்னா வந்துடுவியா?"

"போகத்தானேம்மா சொன்னாங்க?"

"மன்னிப்பு கேட்டுக் கிடக்கணும்டி! இந்த ரின்னைப் பாரு, எத்தனை தடவை கிடந்திருக்கா!"

ஷினோ என் பக்கம் திரும்பினாள். "கிடந்தா என்னக்கா சொல்வாங்க?"

"நாளைக்கு வான்னு சொல்வாங்க."

"என்ன தப்புன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதையெல்லாம் யாராவது கேப்பாங்களா? சரியான பட்டிக்காடு!"

ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் வாத்தியாரம்மாவின் மானம் போய்விடுமாம். அம்மா இனிப்புப் பெட்டியோடு இரண்டு தடவை போய் வந்தார். பெட்டி மட்டும் உள்ளே போனது. ஐந்தாம் நாள் அரங்கேற்ற உடைக்குச் சாயம் போட வேண்டாமென்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். அன்று ஷினோ சமையலறையில் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

மறுநாள் காலை அவளே என்னோடு பாடத்துக்குக் கிளம்பி வந்தாள்.

"எதுக்கு வந்த?" என்றார் வாத்தியாரம்மா.

"ஆட வந்தேங்க. அன்னிக்கு நான் பண்ண தப்பு என்னன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

வாத்தியாரம்மா விசிறியை ஓங்கினார். "போ" என்று சொல்ல வாயும் திறந்தது. சொன்னால் இந்தப் பெண் மறுபடி போய்விடுவாள் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விசிறியை மெல்லக் கீழே வைத்தார்.

"திரும்பறப்ப முழங்கை உடம்பை விட்டு விலகுது. எங்க, ஆடு."

அதன்பின் எங்களுக்கெல்லாம் "போ" கிடைத்தது. அவளுக்கு மட்டும் நடனம் கிடைத்தது. ஏப்ரலில் அரங்கேறினாள். அதே ஏப்ரலில், "உனக்கு ஆட்டம் வராதும்மா" என்று என் கையில் ஷாமிசென் வாத்தியத்தைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அரங்கேற்ற நாளில் ஷினோ ஆசி வாங்க வாத்தியாரம்மா வீட்டுக்குப் போனாள். கூடப் போன நான், அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டே விட்டேன்.

"பதினெட்டு தடவை என்னைப் போகச் சொன்னீங்களே, எதுக்கு?"

"அதுவா? மூச்சைப் புடிச்சுக்கிட்டே ஆடுவ. தோள் கட்டை மாதிரி ஆயிடும். மூச்சை விட்டு ஆடியிருந்தா போதும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கவே இல்லையே, ரின்."

வெளியே வந்தோம். பார்க்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. புது உடையில் ஷினோ முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன், அழுகை வெளியே தெரியாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு.