கடல்காற்றும் ஒரு பெப்பர் ஸ்ப்ரேயும்

இதையெல்லாம் நம் ஊர்க் குழுவில் எழுதுவதா என்று கூச்சமாக இருக்கிறது, மன்னியுங்கள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, கொஞ்ச நாளாக ஒருவன் கடல் பக்கமிருந்து பைக்கில் எதிரே வந்து, வழிமறித்துப் பேர் கேட்கிறான். அதனால் இன்று மாமல்லபுரத்தில் ஒரு கடையில் பெப்பர் ஸ்ப்ரே கேட்டேன்.

கடைக்கார அண்ணன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று லிப்ஸ்டிக் போலக் கைக்குள் மறையும். இன்னொன்று பெரியது, கைப்பையில் துருத்தும். மாற்றி மாற்றிப் பையில் வைத்துப் பார்த்தேன்.

“இன்னாம்மா யோசிச்சிக்கினே கீற? இரு, அடிச்சிக் காட்றேன்.”

வாசலில் நின்று, கடலைப் பார்த்துச் சின்னதை அழுத்தினார். காற்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது. அவர் இருமினார், நான் இருமினேன். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அக்கா, “யோவ் அண்ணாத்த, ஆளைக் கொல்லப் பாக்கிறியா?” என்று கத்தினார்.

“காத்து இல்லாத எடமா பாத்து அடிம்மா” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்தபடி.

அவன் வருவதே அந்தக் காற்றோடுதான். எதையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்.

தேவனேரி நிறுத்தத்தில் சாயங்காலம் இறங்குகிறவர்கள் யாராவது இருந்தால், எங்கள் தெருமுனை வரை என்னோடு நடந்து வருவீர்களா?